பதினோராயிரத்து நானூற்றெட்டு

இரவு இரண்டு நாற்பது. ஓசூர், சிப்காட் இரண்டாம் பகுதி.
குளிர் அறைக்குள் மைனஸ் ஐம்பத்தைந்து.
வெளியே பதினொன்று;
அதற்கே வாட்ச்மேன் காதைச் சுற்றி மஃப்ளர்.
இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஒற்றைக் கால்
மடங்குகிறது, நீள்கிறது.
விமானம் இல்லை. வானம் இல்லை.
கால் மட்டும்
மூன்று வாரமாக
இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நான் எண்ணுகிறேன்.
எண்ணுவதற்குக் கணினி இருக்கிறது.
இருந்தாலும்.

போன வருடம்வரை இங்கே எண்ணெய்.
சிவப்பு.
வயிற்றில் ஒரு பம்பு, அதிலிருந்து
சக்கரத்துக்கு, பிரேக்குக்கு, இறக்கை மடிப்புக்கு,
மூக்குச் சக்கரத்தைத் திருப்புவதற்கு என்று
குழாய் குழாயாக,
கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே உண்டியல்.
ஒரு முழங்கை இணைப்பு வேர்த்தால் போதும்,
அத்தனை பேருக்கும் கை தளரும்.
எந்த இணைப்பு என்று தேட
டார்ச்சும் பழைய பனியன் துணியுமாக
நாகரத்தினாவும் நானும் கவிழ்ந்து கிடப்போம்.
என் மூன்று சுடிதார்களில் அந்தச் சிவப்பு உண்டு.
துவைத்தால் பத்தலப்பள்ளி ரோஜா நிறத்துக்கு இறங்கும்,
அதற்குக் கீழே இறங்காது.

இப்போது காலுக்குக் கால் தனி மோட்டார்.
ஒரு பற்சக்கரப் பெட்டி, ஒரு திருகு,
குழாய் வந்த வழியில் வயர்.
"கசியாதுக்கா" என்றான் திம்மராயன்,
வரைபடத்தை ஜாதகம் போல விரித்து.
பொய் சொல்லவில்லை. கசியவில்லை.
எடைதான், மோட்டாரை மட்டும் தூக்கினால்
பழைய சிலிண்டரைவிடக் கனம்;
குழாய்களைக் கழித்த பிறகே கணக்கு நேராகிறது.

ஆனால் காற்று வேண்டுமே.
பறக்கையில் காலை நீட்டினால்
காற்று பிடித்துத் தள்ளும்.
இந்தக் கூடத்தில் தள்ள யார் இருக்கிறார்கள்?
பழைய சிலிண்டரையே எதிரில் நிறுத்தினோம்.
வேலையை விட்டு அனுப்பிய எண்ணெய்
இப்போது எதிர்க்காற்றாக நடிக்கிறது.
நன்றாகவே நடிக்கிறது.
கோபம் இருக்கும்.

இரண்டு நாற்பத்தொன்று.
எண் 11,408.
பாதி வழியில் கால் நின்றது.

சத்தமில்லாமல் நின்றது, அதுதான் பயம்.
எண்ணெய் என்றால் முனகும், ஊளையிடும்,
சாகும் முன் நாலு சொட்டு
தரையில் எழுதிவிட்டுப் போகும்.
இது
பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு
வாசலில் நிற்கும் பிள்ளை.
திரையில் மின்னோட்டம் மட்டும்
மலைக்கோயில் படி போல ஏறி
வெட்டுப்பட்டது.

அவசர லீவரை இழுத்தேன்.
பழைய ஏற்பாட்டில் அது போதும்:
ஒரு வால்வு திறக்கும், எண்ணெய் வழிவிடும்,
கால் தன் எடைக்கே விழுந்து பூட்டிக்கொள்ளும்.
பம்பு செத்தாலும் பூமி இழுக்கும்.
இங்கேயும் கிளட்ச் விட்டது, மோட்டார் கழன்றது.
இறுகியிருந்தது மோட்டார் இல்லையே,
அதற்கு அப்பால் இருந்த திருகு.
பிடித்ததை விடாத குணத்தைத்தான்
காசு கொடுத்து வாங்கியிருந்தோம்.

திம்மராயன் பாகலூர் ரோட்டிலிருந்து பைக்கில் வந்தான்,
ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.
"சாஃப்ட்வேரா?" என்று கேட்டான்,
ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்ற முகத்தோடு.
விடியும்வரை பிரித்தோம்.
திருகின் பள்ளத்தில்
ராகி அளவு ஒரு துகள்.
சட்டைப்பைப் பாலித்தீனில் போட்டு
தேதி எழுதினேன். பேனா குளிரில் எழுதவில்லை;
ஊதி ஊதி எழுதினேன்.

ஏழு வாரம் ஆயிற்று.
கழலும் இடத்தைத் திருகுக்கு இந்தப் பக்கம்,
காலின் ஓரத்துக்கே கொண்டுவந்தார்கள்.
இன்று வேண்டுமென்றே
திருகை இறுக்கி, கரண்டை நிறுத்தி,
லீவரை நாகரத்தினா கையில் கொடுத்தேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு தடால்.
பூட்டு விழுந்த ஓசை தகரக் கூரைவரை போயிற்று.
பச்சை விளக்கு.
எதிரில் எண்ணெய் 'ஸ்ஸ்' என்று ஒருமுறை.

"பித்து!" என்று கத்தினாள்.
விழுந்தது என்பதற்கு அவள் கன்னடத்தில் அது.
என் தமிழில் என்ன என்று
அவளுக்கும் தெரியும்.

பழைய எண்ணைத் தொடரக் கூடாது, அதுதான் விதி.
புதுப் பக்கம் திருப்பி எழுதினேன்:
1.